செங்கோட்டை – தென்மலை தினசரி ஓட்டம்: எந்த பைக் எடுக்கலாம், எதை மாத்தலாம்?

எஸ்வளைவு_பயணி:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். நான் செங்கோட்டை பக்கம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல தென்மலையில ஒரு கடையில கணக்கு பாக்கறேன். போக வர 60 கிலோமீட்டர் கிட்ட வருது, வாரத்துல ஆறு நாள். இவ்வளவு நாள் பஸ்ல போயிட்டு இருந்தேன், இப்ப கடை மூடுறதே ராத்திரி எட்டு மணி ஆகுது, அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியல, அதனால ரெண்டு மாசமா அப்பாவோட 2009 மாடல் 100 சிசி வண்டியில போறேன். ரெண்டு பக்கமும் ட்ரம் பிரேக். காலைல ஏத்தம் திணறினாலும் ஏறிருது. போன வியாழக்கிழமை ராத்திரி வரும்போது கோட்டைவாசல் கருப்பசாமி கோவில் தாண்டி எஸ் வளைவுல இறங்கிட்டு இருக்கேன், முன் பிரேக் லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டுது, பின் பிரேக்கும் மிதிச்சா பிடிக்கல, கருகின வாசனை வேற. எப்படியோ ஓரமா மண்ணுல இறக்கி நிப்பாட்டிட்டேன். அஞ்சு நிமிஷம் கை நடுங்குச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா பிரேக் பழையபடி பிடிக்குது. வீட்ல அம்மா வண்டிய மாத்துன்னு ஒரே பிடி. ஒரு லட்சத்துக்குள்ள என்ன எடுக்கலாம்? கூட்டாளி ஒருத்தன் கடன் போட்டாவது 350 சிசி எடு, மலைக்கு அதான் சரிங்கறான். அப்படியே சைலன்சர், அகல டயர், எக்ஸ்ட்ரா லைட் போடலாமான்னும் சொல்லுங்க.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, வண்டி வாங்குறது இருக்கட்டும், முதல்ல ஒண்ணு சொல்லும். எஸ் வளைவுல எந்த கியர்ல இறங்குனீரு?

எஸ்வளைவு_பயணி:
கியர்ல இல்ல அண்ணாச்சி. நியூட்ரல். கோவில் தாண்டினதும் எஞ்சினை ஆஃப் பண்ணிருவேன், புளியரை வரைக்கும் சும்மாவே உருண்டு வந்துரும். அப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, பெட்ரோல் மிச்சம்னு.

பழைய_ஸ்பேனர்:
நெனச்சேன். நான் முப்பது வருஷமா இந்த ரோட்டு வண்டிகளத்தான் பாத்துட்டு இருக்கேன், கருகின வாசனையோட பட்டறைக்கு வாற பத்து வண்டியில எட்டு வண்டி இப்படி நியூட்ரல்ல இறங்கினதுதான். கோவப்படாம கேளும். மலை மேல ஏறின வண்டி கீழ இறங்கும்போது அந்த வேகம் எங்கயாவது சூடா மாறித்தான் ஆகணும், கியர்ல இருந்தா எஞ்சின் பாதிய வாங்கிக்கிடும், நியூட்ரல்ல இருந்தா மொத்தமும் பிரேக் ஷூ தலையில. ட்ரம் சூடாச்சுன்னா என்ன ஆகும், இரும்பு விரிஞ்சு ஷூவ விட்டு தள்ளிப் போகும், லைனிங்கும் சூட்டுல வழுக்க ஆரம்பிக்கும், அப்ப லிவர் கிட்ட வந்து ஒட்டத்தான் செய்யும். ஆறினதும் ட்ரம் சுருங்கி திரும்ப பிடிக்கும். உமக்கு நடந்தது அதுதான். வண்டி மேல குத்தம் இல்ல.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர். எஸ் வளைவுக்கு 100 சிசியில ரெண்டாவது, கூடிப்போனா மூணாவது. பிரேக்க விடாம அமுக்கிக்கிட்டே வரக்கூடாது, வளைவுக்கு முன்னாடி நல்லா அமுக்கி வேகத்தக் குறைச்சு விட்டுரணும், ட்ரம்முக்கு காத்து பட்டு ஆற நேரம் கொடுக்கணும்.

பெட்ரோல் கணக்கும் சொல்லுதேன். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ்6 வந்ததுல இருந்து புது வண்டி பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன். அதுல த்ராட்டில மூடிட்டு கியர்ல இறங்கினா ஒரு அளவு ஆர்பிஎம்முக்கு மேல இன்ஜெக்டர் பெட்ரோல அடியோட நிப்பாட்டிரும். நியூட்ரல்ல போட்டாத்தான் ஐடில் ஓட பெட்ரோல் குடிக்கும். ஆக புது வண்டியில நியூட்ரல் இறக்கம் நஷ்டம். அப்பா வண்டி கார்புரேட்டர், அதுல ஆஃப் பண்ணினா கொஞ்சம் மிச்சம்தான், இல்லங்கல. ஆனா அந்த மூணு நாலு ரூவாவுக்கு எஸ் வளைவுல எதிர்ல எம் சாண்ட் ஏத்தின லாரி வரும்போது பிரேக் இல்லாம நிக்கணுமா? இந்த ரோட்டுக்கு வண்டி பாக்கணும்னா ஏத்தத்த வச்சு பாக்காதீரும். ஏற எந்த வண்டியும் ஏறும். இறங்குறப்ப எப்படி நிக்குதுன்னு பாத்து எடும்.

குத்தாலம்_350:
அண்ணாச்சி சொன்னதுல ஒரு வார்த்தை மாத்தமில்ல, ஆனா கூட்டாளி 350ன்னு சொன்னதும் தப்பில்ல, என் அனுபவத்த சொல்றேன். நான் 2022ல வந்த ராயல் என்ஃபீல்ட் ஹண்டர் 350 வச்சிருக்கேன், தென்காசில இருந்து புனலூர் வாரத்துக்கு மூணு தடவ. 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, 4000 ஆர்பிஎம்லயே வந்துருது, ஏத்தத்துல லாரி பின்னாடி ஊர்ந்துகிட்டே வந்து இடம் கிடைச்சதும் கியர் இறக்காமலே முந்தலாம், அது ஒரு பெரிய பாதுகாப்பு, எதிர்ப்பக்கத்துல இருக்கற நேரம் குறையுது பாருங்க. எஞ்சின் பிரேக்கிங் நல்லா இழுத்துப் பிடிக்கும். ரெண்டு சக்கரத்துலயும் டிஸ்க், நான் எடுத்தது ரெண்டுக்கும் ஏபிஎஸ், அதாவது பிரேக் அமுக்கினா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது, உள்ள வேரியண்ட். மழையில எனக்கு ரெண்டு தடவ உயிர் காப்பாத்தியிருக்கு. ஆனா தம்பிக்கு உண்மையச் சொல்லணும்ல, எடை 181 கிலோ, தினமும் 60 கிலோமீட்டருக்கு மைலேஜ் 35 சுத்தித்தான் எனக்கு வருது, ஒரு லட்சத்துக்குள்ள புதுசு வராது. சம்பளத்துல பாதி இஎம்ஐக்கும் பெட்ரோலுக்கும் போகும்னா வேண்டாம். ஆசைக்கு வாங்கற வண்டி வேற, வேலைக்குப் போற வண்டி வேற.

மல்லிகை_லோடு:
நான் 100 சிசியிலதான் பதினோரு வருஷமா பூ ஏத்திட்டு புனலூர் போறேன், விடியக்காலம் மூணு மணிக்கு கிளம்பி. அந்த எஞ்சின் 97.2 சிசி, 8 பிஎஸ் அவ்வளவுதான், ஆனா எடை 112 கிலோ, பாதி ராத்திரில பஞ்சர் ஆனாலும் ஒத்த ஆளா தள்ளலாம், எந்த ஊர் பட்டறையிலயும் பார்ட்ஸ் இருக்கு, ஆரியங்காவுலயும் கிடைக்கும் கழுதுருட்டியிலயும் கிடைக்கும். நான் பண்ணின ஒரே மாத்தம் முன் ஸ்ப்ராக்கெட், எஞ்சின் பக்கம் செயின் மாட்டற பல்சக்கரம். 14 பல்லு இருந்தத 13 ஆக்கினேன், ஏத்தத்துல இழுவை ஏழு சதவீதம் மேல கூடிச்சு, லோடோட ரெண்டாவது கியர்ல திணறாம ஏறுது, இறக்கத்துல எஞ்சின் பிடிப்பும் அதே அளவு கூடும், அத யாரும் சொல்றதில்ல. சமதளத்துல 60க்கு மேல எஞ்சின் கொஞ்சம் கத்தும், எனக்கு அந்த வேகம் தேவையே இல்ல. ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் சக்கரத்துல இருந்து வர வண்டியில ரீடிங் மாறாது, கியர்பாக்ஸ்ல சென்சார் வச்ச வண்டியா இருந்தா தப்பா காட்டும், கேட்டுட்டு பண்ணுங்க.

எஸ்வளைவு_பயணி:
அண்ணாச்சி சொன்ன மாதிரி ரெண்டாவது கியர்ல இறங்கிப் பாத்தேன். நேத்து ராத்திரி. எஸ் வளைவு முழுக்க மூணே தடவதான் பிரேக் தொட்டேன், கீழ வந்து ட்ரம்ம தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னுதான் இருக்கு. இத இத்தன வருஷம் யாரும் சொல்லலியேன்னு இருக்கு. அப்பாகிட்ட சொன்னேன், அவங்க ஒண்ணும் பேசல.

ஆரியங்காவு_டீச்சர்:
தம்பி, முதல்ல நீங்க பத்திரமா இருக்கறதுக்கு சந்தோஷம். நான் எட்டு வருஷமா இந்த ரோட்டுல பைக் ஓட்டுறேன், ஸ்கூட்டர் வேண்டாம்னு பைக் பழகினேன், காரணம் அண்ணாச்சி சொன்னதேதான், கியர் இல்லாத வண்டியில இறக்கத்துல எஞ்சின் பிடிப்பு கம்மி, மொத்தமும் பிரேக்தான் தாங்கணும், சின்ன சக்கரம் வேற, குழியில அடி வாங்கும்.

என்னோடது 125. உங்க பட்ஜெட்டுக்கு அதத்தான் சொல்லுவேன். எஸ்பி 125, ரைடர், ஷைன் இப்படி எது எடுத்தாலும் முன்னாடி டிஸ்க் இருக்கற வேரியண்ட் மட்டும் எடுங்க, சில ஆயிரம் மிச்சம்னு ட்ரம் எடுக்காதீங்க. 125 வரைக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து சிபிஎஸ் இல்லன்னா ஏபிஎஸ் கட்டாயம், சிபிஎஸ்னா பின் பிரேக் மிதிச்சா முன்னாடியும் கொஞ்சம் பிடிக்கும், அது நல்லதுதான், ஆனா அத நம்பி முன் பிரேக் பழகாம இருக்கறவங்க நிறைய பேர். இறக்கத்துல எடை முழுக்க முன்னாடி வந்துரும், நிப்பாட்டறது முன் பிரேக்தான். ரைடர் 123 கிலோ, 11.4 பிஎஸ் பக்கம், ஒத்த ஆள் போக வர இந்த மலைக்கு தாராளம். உயரம் கம்மியா இருக்கறவங்க சீட்ல உக்காந்து ரெண்டு காலும் ஊனிப் பாத்துட்டு எடுங்க, ஏத்தத்துல லாரி நின்னு நீங்களும் நிக்க வேண்டி வரும்போது அது தெரியும்.

எல்லாரும் எஞ்சின் பத்திப் பேசுறீங்க, டயர் பத்தி யாரும் பேசலியே. இந்த ரோட்டுல ஆனி ஆடி சாரல் எப்படின்னு உங்களுக்கே தெரியும், பெரிய மழையா இருந்தா ரோட்ட கழுவி விட்டுரும், சாரல் அப்படி இல்ல, லாரி சிந்தின டீசல், ரப்பர் இலை, மண்ணு எல்லாத்தையும் குழைச்சு வளைவுல பூசி வச்சிரும். ரெண்டு மூணு நாள் வெயில் அடிச்சு அப்புறம் விழற முதல் தூத்தல்தான் ரொம்ப மோசம். அந்த நேரத்துல வளைவுக்குள்ள பிரேக்கே தொடக்கூடாது, எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சிட்டு வண்டிய நிமிர்ந்தாப்ல ஓட்டணும். டயர்ல பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும் பாருங்க, தேஞ்சு அது சமமா வந்தா மாத்தற நேரம். நான் அதுக்கு முன்னாடியே மாத்திருவேன். புது டயர் வாங்கும்போது சைடுல நாலு இலக்கம் பாருங்க, 2324ன்னா 2024ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். கடைக்காரர் மூணு வருஷம் அடுக்கி வச்சிருந்தத எனக்கு ஒருதடவ தள்ளிவிடப் பாத்தாரு.

கேஎல்25_புனலூர்:
நமஸ்காரம், நான் புனலூர், வீட்ல தமிழ்தான். தம்பி மாடிஃபிகேஷன் கேட்டாரே, அதுக்கு நான் சொல்றேன், ஏன்னா எங்க பக்கம் எம்விடி, அதாவது மோட்டார் வாகனத் துறை, இதுல ரொம்ப கறார். வண்டிய கம்பெனி அப்ரூவல் வாங்கின மாதிரிதான் வச்சிருக்கணும்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு, அது கேரளாவுல இருந்து போன கேஸ்தான். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு. அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் வரை அபராதம் போடலாம், ஜெயிலும் எழுதியிருக்கு. சவுண்டு சைலன்சர் மாட்டிட்டு டிஎன் நம்பர் வண்டி ஆரியங்காவு தாண்டி வந்தா முதல்ல நிப்பாட்டறது அதத்தான். கண்ணாடிய கழட்டறது, நம்பர் பிளேட்ட மடக்கி வைக்கிறது, எதுவும் வேண்டாம். 2023 ஜூன்ல இருந்து ஏஐ கேமராவும் அபராதம் போடுது, பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் வேணும், புளியரை தாண்டினதும் மாட்டிக்கலாம்னு கையில தொங்கவிட்டுட்டு வராதீங்க, இறக்கம் இருக்கறது உங்க பக்கம்தானே.

சைலன்சர் பத்தி இன்னொண்ணு. காட்டு வழி இது, பக்கத்துல செந்துருணி சரணாலயம். ராத்திரி எட்டு மணிக்கு மேல மிருகம் குறுக்க வர்ற இடத்துல எதுக்கு அந்த சத்தம்? எனக்கு அது மனசுக்கே பிடிக்கல.

குத்தாலம்_350:
நானும் முதல்ல சவுண்டு சைலன்சர் போட்டிருந்தேன், உள்ளதச் சொல்றேன், கழட்டிட்டேன். அம்மா உடம்பு சரியில்லாம படுத்திருந்தப்ப தெருமுனையில நான் வரும்போதே திடுக்கிட்டு முழிச்சிருவாங்க. அதுக்கப்புறம் மனசு வரல.

பழைய_ஸ்பேனர்:
இப்ப மாத்தம் கேட்டதுக்கு வாறேன். அகல டயர் வேண்டாம். ரிம்முக்கு மீறின டயர் போட்டா டயர் ஓரம் பிதுங்கி வடிவம் கெட்டுரும், வளைவுல வண்டி திரும்ப யோசிக்கும், செயின் கவர்ல உரசும், மைலேஜ் போகும். கம்பெனி சொன்ன அளவுலயே மழைக்கு நல்லா பள்ளம் உள்ள டயரா பாத்து போடும். காத்து வாரத்துக்கு ஒருக்க, காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி. அப்பா வண்டிக்கு ஒத்த ஆளுக்கு முன்னாடி 25, பின்னாடி 28, அதுக்கு மேல பெட்ரோல் பங்குல பையன் 35 அடிச்சு விட்டுருவான், மழையில வழுக்கும்.

லைட் போடும், ஆனா யோசிச்சு. வெள்ளை எல்இடி ஃபுல்லா அடிச்சா மேகம் இறங்குற அன்னைக்கு முன்னால வெள்ளைத் துணி கட்டினாப்ல ஆயிரும், ஒண்ணும் தெரியாது. ஒரிஜினல் ஹெட்லைட் கண்ணாடி மங்கியிருந்தா அத மாத்தும், பல்ப நல்லதா போடும், டிப்ல வச்சு ஓட்டும், அதுலயே பாதி சரியாகும். ஒயர வெட்டி ஒட்டி லைட் போட்டு, ரிலேயும் ஃபியூஸும் இல்லாம ஸ்விட்ச் உருகி ராத்திரி காட்டுக்குள்ள மொத்த லைட்டும் போய் நின்ன பையன நான் வேன்ல ஏத்திட்டு வந்திருக்கேன்.

நான் சம்மதிக்கிற மாத்தம்னா, நல்ல பிரேக் ஷூ, பேட், முன் ஸ்ப்ராக்கெட் ஒரு பல்லு, பின்னாடி மட்கார்டு கீழ நீளமா ஒரு ரப்பர் ஃபிளாப், கைக்குப் பிடிக்கிற கிரிப். அவ்வளவுதான்.

மல்லிகை_லோடு:
செயின விட்டுட்டீங்களே அண்ணாச்சி. சாரல் காலத்துல மத்த ஊர்க்காரன் 1000 கிலோமீட்டருக்கு ஒருக்க எண்ணெய் விட்டா நாம 400, 500க்கு விடணும், தம்பி ஓட்டத்துக்கு அது எட்டு நாள். மண்ணெண்ணெய் இல்லன்னா டீசல்ல பிரஷ் போட்டு தேச்சு, துணியில துடைச்சு, 90 கியர் ஆயில் உள்பக்கமா சொட்டு சொட்டா. ராத்திரி வந்ததும் செயின் சூடா இருக்கும்போது விட்டா உள்ள இறங்கும், காலைல விட்டுட்டு உடனே கிளம்பினா பூராவும் சட்டையிலதான் தெறிக்கும். தொய்வு கீழ்ப்பக்கம் நடுவுல ரெண்டரைல இருந்து மூணு சென்டிமீட்டர். சக்கரத்த சுத்தி சுத்தி நாலஞ்சு இடத்துல பாக்கணும், ஒரு இடம் இறுக்கமா ஒரு இடம் தொளதொளன்னு இருந்தா செயின் முடிஞ்சுது.

இத கட்டாயம் படிங்க. செண்டர் ஸ்டாண்டு போட்டு எஞ்சின ஓடவிட்டு, கியர்ல போட்டு, துணிய வச்சு செயின் துடைக்காதீங்க. எங்க மார்க்கெட்ல கூட வேலை பாக்கற ஒருத்தருக்கு அப்படித்தான் ரெண்டு விரல் போச்சு. எஞ்சின் ஆஃப், நியூட்ரல், கையால சக்கரத்த சுத்துங்க.

கேஎல்25_புனலூர்:
பழசு வாங்கறதா இருந்தா ஒண்ணு. எங்க பக்கம் வண்டி விலை கொஞ்சம் கம்மியா கிடைக்குதுன்னு செங்கோட்டை ஆளுங்க வந்து எடுப்பாங்க. கேஎல் வண்டிய டிஎன்ல வச்சு ஓட்டணும்னா ஃபார்ம் 28ல என்ஓசி (ஆட்சேபம் இல்லன்னு சான்று) வாங்கி, அங்க டேக்ஸ் கட்டி, நம்பர் மாத்தணும், 12 மாசத்துக்கு மேல அப்படியே வச்சிருக்கக் கூடாது. அந்தச் செலவயும் சேத்துக் கணக்குப் பாத்தா விலை வித்தியாசம் போயிரும். அதோட 2018 வெள்ளத்துல மூழ்கின வண்டிங்க இன்னும் சுத்திட்டுத்தான் இருக்கு. சீட்ட தூக்கி ஒயர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, ஹெட்லைட் கண்ணாடிக்குள்ள வண்டல் கோடு இருக்கான்னு பாருங்க. ஆயில் மூடிய திறந்து உள்பக்கம் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா எஞ்சினுக்குள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். மழைக்காலத்துல கொஞ்ச தூரமே ஓடுற வண்டியில மூடிகிட்ட மட்டும் லேசா படியும், அத வச்சு பயப்பட வேண்டாம், ஆயிலே அப்படி இருந்தா விட்டுருங்க.

எஸ்வளைவு_பயணி:
எல்லாருக்கும் பதில் எழுத லேட் ஆயிருச்சு, மன்னிச்சுக்கோங்க, நாலு மாசம் ஆச்சு. டிஎன் 76 நம்பர்லயே ஒரு 125, டிஸ்க் வேரியண்ட், ரெண்டு வருஷம் ஓடினது, ஒரே ஓனர், எடுத்துட்டேன். பழைய_ஸ்பேனர் அண்ணாச்சிதான் கூட வந்து பாத்தாங்க, நேர்ல பாக்கறது அதான் முதல் தடவ, ஒரு காப்பிக்கு கூட காசு கொடுக்க விடல. சைலன்சர் ஆசைய விட்டாச்சு. டயர் ரெண்டும் புதுசு. எட்டு நாளைக்கு ஒருக்க செயினுக்கு எண்ணெய், ஞாயித்துக்கிழமை காலைல காத்து. சாரல் முழுக்க ஓட்டிட்டேன், ஒரு தடவ கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் பக்கத்துல முன்னாடி போன ஆட்டோ சட்டுனு நின்னுச்சு, ஈர ரோடு, டிஸ்க் பிடிச்சதுல ஒரு முழம் இடைவெளியில நின்னேன்.

ஒரு சந்தேகம். இப்ப ரெண்டு வாரமா முன் பிரேக் லிவர் காலைல கெட்டியா இருக்கு, ராத்திரி கீழ இறங்கினதும் லேசா பஞ்சு மாதிரி இருக்கு. பேட் பாத்தேன், பாதிக்கு மேல இருக்கு. எங்கயும் ஒழுகல.

பழைய_ஸ்பேனர்:
ஃப்ளூயிட் தம்பி. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த குடிச்சுக்கிட்டே இருக்கும், ஈரம் கூடினா சீக்கிரம் கொதிக்கும், கொதிச்சா உள்ள ஆவி கட்டும், லிவர் பஞ்சாகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும், அந்த ஓனர் மாத்தியிருக்க மாட்டாரு. மூடியில டாட் 3யா டாட் 4ஆன்னு எழுதியிருக்கும், அதையே வாங்கும், சீல் உடைக்காத சின்ன டப்பா. பட்டறையில பாதி கிடந்தத ஊத்த விடாதீரும். பெயிண்ட்ல சிந்தினா உரிஞ்சிரும், பாத்துக்கிடும். அதுவரைக்கும் இறக்கத்துல ஒரு கியர் கம்மியாவே வாரும். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பட்டறைக்கு கொண்டு வாரும், ரெண்டு பேரும் சேந்து பழைய ஆயில வெளிய எடுத்து, குழாய்க்குள்ள காத்து இல்லாம ப்ளீட் பண்ணிருவோம். அப்பா வண்டிய யாரு ஓட்டுதாங்க?

எஸ்வளைவு_பயணி:
அப்பாதான் அண்ணாச்சி. கடைத்தெருவுக்கும் வயலுக்கும். முந்தாநாள் ஆரியங்காவு கோவிலுக்கு அம்மாவக் கூட்டிட்டு போயிட்டு வந்தாங்க. ரெண்டாவது கியர்லயே இறங்கினாங்கன்னு அம்மா சொன்னாங்க. அந்த வண்டிக்கும் ஷூ மாத்தணும், ஞாயித்துக்கிழமை ரெண்டையும் கொண்டு வந்துர்றோம்.